மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் தொண்டுச் சிகிச்சையாளராக வருபவர்களுக்கு

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சென்னையிலோ வேலை செய்யும் இயன்மருத்துவர்கள், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள், பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் இலங்கையின் கிழக்குக்கு வந்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வேலை செய்ய விரும்பினால், முதலில் எத்தனை நாள் என்பதை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும் என்றால் பிள்ளைகளைத் தொட்டுச் சிகிச்சை செய்யும் எண்ணத்தை விடுங்கள். இங்குள்ள பணியாளர்களுக்கு ஒரே ஒரு விடயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாம்: இருக்கை அளவெடுப்பது, அல்லது பாதுகாப்பாக உணவூட்டுவது. வீடு வீடாகப் போய் வேலை செய்ய வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. ஆறு மாதம் நல்லது. பெருமூளை வாதமுள்ள (செரிபிரல் பால்சி) பிள்ளையோடு மூன்று வாரம் பழகி நம்பிக்கை ஊட்டிவிட்டுத் திடீரெனக் காணாமற்போவதால் தாய்க்கு வரும் களைப்பு, அடுத்து வருபவருக்குக் கதவு திறக்காத அளவுக்குப் போகும்.

எப்போது வருவது? நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கும், வீட்டுத் தரிசிப்பு நின்றுபோகும். டிசம்பரில் பாடசாலையும் விடுமுறை. தை கடைசியில் மழை விடும். ஆனால் மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. வயல் வேலைக்குப் போகும் குடும்பங்கள் அந்த நாட்களில் கிளினிக்குக்கு வராது. அதை அக்கறையின்மை என்று எழுதி வைக்காதீர்கள். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் காலம் வெக்கைதான், ஆனால் பாதை காய்ந்திருக்கும், வேலை நடக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் அந்த வாரத்துக்குத் திட்டம் போடாதீர்கள். காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் நோன்பு மாதத்தில் உம்மாமார் பகல் முழுக்கத் தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்கள். பிள்ளையைத் தூக்கிச் செய்யும் பயிற்சிகளைக் காலை நேரத்துக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமைகளில் பதினொன்றரைக்கு முன்னர் முடித்துவிடுங்கள்.

கடதாசி வேலை

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். சுற்றுலா விசாவில் வந்து சம்பளம் வாங்காமல் வேலை செய்தாலும் அது விசா விதியை மீறுவதுதான். உங்களை வரவேற்கும் நிறுவனம் எழுதும் கடிதத்தோடு அதற்குரிய வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தரத் தயங்கும் நிறுவனத்துக்குப் போகாதீர்கள். இன்னொரு பக்கம், இலங்கையில் சிகிச்சைத் தொழில்களின் பதிவு இலங்கை மருத்துவப் பேரவையின் கையில் இருக்கிறது. வெளிநாட்டுத் தகைமையோடு நோயாளரைத் தொடுவதற்கு என்ன அனுமதி தேவை என்பதை உங்கள் தொழிலைக் குறிப்பிட்டு அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டச் சான்றிதழ், உங்கள் நாட்டுத் தொழிற்பதிவு, நன்னிலைச் சான்று, பொலிஸ் நற்சான்று, தொழிற்காப்புறுதி ஆகியவற்றில் உறுதிப்படுத்திய பிரதிகள் மூன்று தொகுதி எடுத்து வையுங்கள்.

அம்பாறை மாவட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று தமிழ் பேசும் கரையோரம் முழுவதும் சுகாதார நிருவாகத்தில் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் வருகிறது. மாவட்டத் தலைநகர் அம்பாறைதானே என்று அங்கே கடிதம் அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். மட்டக்களப்புக்குத் தனிப் பணிப்பாளர் இருக்கிறார்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளில் மிக முக்கியமானது: என்னோடு நாள்தோறும் வரப்போகும் உள்ளூர்ப் பணியாளர் யார், நான் போன பிறகும் அவர் அங்கே இருப்பாரா? பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்த இடம் இன்னும் உங்களை ஏற்கத் தயாராகவில்லை. பிறகு போக்குவரத்துச் செலவு யாருடையது, பிள்ளைப் பாதுகாப்பு விதிகள் எழுத்தில் உண்டா, புகைப்படத்துக்கு அனுமதி எப்படிப் பெறுகிறார்கள் என்பவற்றையும் கேளுங்கள்.

பெட்டியில் என்ன

மூட்டு மடியும் கோணத்தை அளக்கும் கோணமானி, இரண்டு அளவுநாடா, சிறிய தட்டையான கரண்டிகள் ஒரு டசின், தைக்கக்கூடிய வெல்குரோ நாடா பத்து மீற்றர். ஒட்டும் பசையுள்ள வெல்குரோ வேண்டாம். இங்குள்ள வெக்கையிலும் வியர்வையிலும் ஒரு மாதத்தில் கழன்றுவிடும். சூடாக்கி வளைக்கும் பிளாஸ்டிக் தகட்டில் கைத்தாங்கி செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்தத் தகடு அறுபது எழுபது பாகையில் இளகும். வெயிலில் பூட்டிக் கிடக்கும் வானுக்குள் வைத்தால் வடிவம் போய்விடும். தாய்மாரிடமும் அதைச் சொல்லுங்கள், கழுவிவிட்டுத் தகரக் கூரையில் காயவைப்பார்கள். மின்சாரத் தூண்டல் கருவிகள், பழைய சக்கர நாற்காலிகள் ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு வராதீர்கள். முதலாவதுக்கு உதிரிப்பாகம் இல்லை. இரண்டாவது யாருக்கும் பொருந்தாது. வருமுன் ஈரல் அழற்சி பி, ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்குக்கு நுளம்பு விரட்டும் தைலம் வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

மாதக்கணக்கில் தங்க வருபவர்கள் இந்த நாட்களில் யாருக்கும் பயிற்சி கொடுக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் கிராம உத்தியோகத்தரையும் பாருங்கள். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று கூடுதலாகத் தெரிந்தவர் குடும்ப நல மருத்துவிச்சிதான். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் கல்முனை, அக்கரைப்பற்று வைத்தியசாலைகளிலும் உள்ள இயன்மருத்துவப் பிரிவினரைப் போய்ச் சந்தியுங்கள். வெளியாள் ஒருவர் தங்கள் நோயாளருக்கு வேறு அறிவுரை சொல்கிறார் என்று பின்னால் கேள்விப்படுவதைவிட, முன்னால் அறிமுகமாவது மரியாதை.

தமிழ்தானே என்று மொழியைச் சுலபமாக எடுக்க வேண்டாம். இங்கே "இரிங்க" என்றால் உட்காருங்கள். "கொஞ்சம் நில்லுங்க" என்றால் சற்றுப் பொறுங்கள். நடைப்பயிற்சியில் இந்த இரண்டும் குழம்பினால் ஆள் விழுவார். "உளையுது" என்பது ஆழ்ந்த நோவு. "விறைச்சுப் போச்சு" என்றால் பெரும்பாலும் உணர்வில்லை என்று அர்த்தம், இறுக்கம் என்றல்ல. "நரம்பு இழுக்குது" என்பதில் நரம்பும் தசையும் தசைநாணும் எல்லாம் அடங்கும். எங்கே என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "ஏலா" என்ற சொல்லை உற்றுக் கேளுங்கள்: "அவனுக்கு ஏலா" என்பது செய்ய முடியாது என்பதாகவும் இருக்கலாம், இன்றைக்குச் சுகமில்லை என்பதாகவும் இருக்கலாம். உங்களை "மிஸ்", "சேர்" என்பார்கள். நீங்கள் அம்மா, அக்கா, ஐயா என்றும் முஸ்லிம் வீடுகளில் உம்மா, ராத்தா, நானா என்றும் அழைத்தால் போதும். பிள்ளையை "மனே" என்று கூப்பிடப் பழகினால் முகம் உங்கள் பக்கம் திரும்பும்.

வீட்டுக்குப் போகும்போது

உள்ளூர்ப் பணியாளர் இல்லாமல் போகாதீர்கள். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் போங்கள். பெண்ணுக்குப் பெண் சிகிச்சையாளர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தொடுமுன் கேளுங்கள், வீட்டுப் பெண் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தரும் தேத்தண்ணியைக் குடியுங்கள்.

முதல் இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். பிள்ளை எங்கே கிடக்கிறது, பாயிலா, ஊஞ்சற் சேலையிலா? யார் தூக்குகிறார், எப்படி? மலசலகூடம் எவ்வளவு தூரம், வாசற்படி எத்தனை, முற்றம் மணலா? தாயிடம் காலை எழும்பியதிலிருந்து படுக்கும் வரை ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறாரோ அங்கேயே வேலையைத் தொடங்குங்கள். குளிக்க வார்ப்பது கஷ்டம் என்றால் முதல் இலக்கு குளிப்பாட்டும் இருக்கை. நீங்கள் நினைத்து வந்த கழுத்துப் பயிற்சி பிறகு.

ஒரு தடவைக்கு மூன்று செயலுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்: உடுப்பு மாற்றும்போது தொடைகளை விரிப்பது, சோறு தீத்தும்போது நிமிர்ந்து இருத்துவது, விளக்கு வைக்கும் நேரத்தில் பத்து நிமிடம் குப்புறப் போட்டு விளையாடுவது. "ஒரு நாளைக்கு மூன்று தரம், பத்து முறை" என்று எழுதிக் கொடுத்த தாள் கூரைத் தடியில் செருகியபடியே இருக்கும். நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு தாய் உங்கள் முன்னால் செய்யட்டும், அதன் பிறகு அம்மம்மாவோ அக்காவோ செய்யட்டும். ஒரு கொப்பியில் கோட்டுப்படம் வரைந்து வையுங்கள். ஏழாம் நாள் திரும்பிப் போங்கள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

"நடப்பானா மிஸ்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பெருமூளை வாதத்தில் இரண்டு வயதுக்குள் கையூன்றாமல் தானே உட்கார்ந்திருக்கும் பிள்ளை நடக்க வாய்ப்பு அதிகம். நான்கு வயதிலும் தானே உட்கார முடியாத பிள்ளை நடப்பது அரிது. இதைத் தெரிந்துகொண்டு "பார்ப்போம், கடவுள் விட்ட வழி" என்று நழுவுவது அந்தத் தாயின் வருடங்களை வீணாக்கும். முதலாவது சந்திப்பிலேயே சொல்லவும் வேண்டாம். பிள்ளையை நன்றாகப் பார்த்த பிறகு, தகப்பனும் இருக்கும்போது, இருந்து, மெதுவாகச் சொல்லுங்கள். கூடவே, பிள்ளை எதைச் செய்ய வரும் என்று நீங்கள் நம்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பரியாரியிடம் (ஊர் நாட்டு வைத்தியர்) எண்ணெய் தேய்ப்பவர்களைக் கண்டிக்க வேண்டாம். மெதுவாகத் தேய்ப்பதால் தீங்கில்லை. உணர்வில்லாத தோலில் சூட்டு ஒத்தடமும், இழுத்து முறுக்கும் சிகிச்சையும்தான் ஆபத்து.

இருக்கை

ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பொருளைச் செய்து கொடுக்க முடியும் என்றால் அது நல்ல இருக்கையாக இருக்கட்டும். நிமிர்ந்து இருந்தால் விழுங்குவது, பார்ப்பது, கை நீட்டுவது, சிரிப்பது எல்லாம் சற்று இலகுவாகும். அளவை இப்படி எடுங்கள். பிள்ளை தானே இருக்காவிட்டால் பாயில் மல்லாத்திப் படுக்கவைத்து இடுப்பையும் முழங்காலையும் தொண்ணூறு பாகைக்கு மடித்துப் பிடித்து அளக்கலாம்.

1. ஆழம்: பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை. அதில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் கழியுங்கள். கழிக்காவிட்டால் பலகை முழங்காலை முட்டும், பிள்ளை முன்னுக்கு வழுகும்.
2. அகலம்: இடுப்பின் இரு பக்கமும் தடித்த அட்டைக் கொப்பி ஒவ்வொன்றை நிமிர்த்தி வைத்து இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தெடுங்கள். 2 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். "வளருவான்தானே" என்று அகலமாக அடித்தால் இன்றைக்கே ஒரு பக்கம் சரிவான்.
3. கால்மிதி: முழங்கால் மடிப்பிலிருந்து குதிக்கால் வரை. பக்கப் பலகையில் 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் துளைகள் போட்டால் வளர வளர இறக்கலாம்.
4. முதுகு: தலை நிற்கும் பிள்ளைக்குத் தோள் வரை, நிற்காத பிள்ளைக்கு உச்சந்தலைக்கு மேல்.
5. தட்டு: முழங்கை மடித்திருக்கும் உயரத்துக்கு.

தச்சரை இங்கே ஓடாவி என்பார்கள். 12 மில்லிமீற்றர் பிளைவூட், மேலே கடினமான ஸ்பொஞ்ச், அதற்கு றெக்சின் உறை. மென்மையான மெத்தை ஸ்பொஞ்ச் இரண்டு மாதத்தில் குழிவிழும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். இடுப்புப் பட்டியை வயிற்றில் கட்டாதீர்கள். இடுப்பெலும்புக்குக் கீழாக, இருக்கையோடு 45 பாகை சரிவில் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். நெஞ்சில் சேலைத்துண்டு கட்டுவது எங்கும் காணும் பழக்கம், இடுப்பு வழுகினால் அது கழுத்துக்கு வந்துவிடும். தொடைகளுக்கு நடுவில் வைக்கும் கட்டை முழங்காலுக்கு அண்மையில் இருக்கட்டும். அதன் வேலை முழங்கால்களை விரித்து வைப்பது. வழுகுவதைத் தடுக்க அதைக் கவட்டுக்குள் தள்ளிவைத்தால் புண் வரும்.

காசு இல்லாத இடத்தில் காட்போட் மட்டைகளை மாப்பசையால் அடுக்கி ஒட்டிச் செய்யும் இருக்கை நன்றாகவே தாங்கும். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் உள்ளே வரை காய வேண்டும், ஆகவே கச்சான் காலத்தில் செய்யுங்கள். எண்ணெய்ப் பூச்சு இரண்டு கை அடித்து, அடியில் மரச்சட்டம் பொருத்தி நிலத்தை விட்டு உயர்த்துங்கள். ஈர நிலமும் கறையானும்தான் இதற்கு எதிரி.

கொடுத்த முதல் வாரம் ஒரு தடவைக்கு இருபது நிமிடம். இறக்கியதும் பிட்டத்தையும் முதுகையும் பாருங்கள். சிவந்த இடம் அரைமணிக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும்.

சோறு தீத்துவது

மடியில் மல்லாத்தித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊட்டுவது இங்குள்ள வழக்கம். உணவு மூச்சுக்குழாய்க்குப் போக அதைவிட நேரான பாதை இல்லை. நிமிர்த்தி, நாடி சற்றுக் கீழே இருக்கும்படி இருத்துங்கள். பிட்டு உதிரியாக இருப்பதால் விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு ஆகாது. பருக்கை மிதக்கும் கஞ்சியும் அப்படித்தான், நீரும் கட்டியும் ஒன்றாக வாய்க்குள் வரும்போது நாக்கால் இரண்டையும் ஒருங்கே கையாள முடியாது. மட்டக்களப்புத் தயிர், மசித்த வாழைப்பழம், பருப்போடு நன்றாகக் குழைத்த சோறு, அரிசிமாக் கூழ் ஆகியவை ஒரே பதமாக இருக்கும். தட்டைக் கரண்டியில் பாதி எடுத்து நாக்கின் நடுவில் மெதுவாக அழுத்தி வையுங்கள், வாய் மூடி விழுங்கும் வரை பொறுங்கள். ஒரு வேளை உணவு அரைமணிக்கு மேல் போனால் பிள்ளை களைத்துவிடும். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள். இருமல், ஈரமான குரல், கண்ணில் நீர், அடிக்கடி வரும் நெஞ்சுச்சளிக் காய்ச்சல் என்பன இருந்தால் உணவு தவறான வழியில் போகிறது. வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

பெரியவர்கள்

பாரிசவாதம் (ஸ்ட்ரோக்), முள்ளந்தண்டு வடக் காயம், நீரிழிவாலோ போராலோ கால் இழந்தவர்கள் என்று இவர்களும் நிறைய. சக்கர நாற்காலி கொடுப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008இல் வகுத்த எட்டுப் படிகளில் பெரும்பாலும் முதலும் கடைசியும்தான் விடுபடுகின்றன: சரியான ஆளைக் கண்டறிவதும், கொடுத்த பிறகு போய்ப் பார்ப்பதும். வைத்தியசாலை நடைவழிக்கான நாற்காலியின் சின்ன முன்சக்கரம் மணல் முற்றத்தில் புதையும். முன்னுக்கு நீண்டு ஒரு பெரிய சக்கரம் உள்ள மூன்று சக்கர வகை இங்கு பொருந்தும். பின்சக்கரத்துக்குச் சைக்கிள் ரியூப் போடக்கூடியதாக இருந்தால் சந்தியிலுள்ள சைக்கிள் கடையே பழுது பார்க்கும். படிக்குச் சாய்தளம் கட்டினால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்.

முள்ளந்தண்டு வடம் பாதித்தவருக்கு அழுத்தப் புண் வராமலிருக்க, நாற்காலியில் கைகளை ஊன்றி ஒரு நொடி எழும்பி இருந்தால் போதாது. இருபது நிமிடத்துக்கு ஒருதரம் முன்னுக்கு மேசையில் சாய்ந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும்; இரத்தம் தோலுக்குத் திரும்பி வர அவ்வளவு நேரம் எடுக்கும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்ப வேண்டும். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுள்ளவருக்குத் திடீர்த் தலையிடி, முகம் சிவந்து வியர்த்தல் வந்தால் உடனே நிமிர்த்தி இருத்திச் சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இது உயிராபத்து.

குந்த முடியாதவருக்கு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் துளை வெட்டி மலசலகூடக் குழிக்கு மேல் வைப்பது மலிவான வழி. வெயிலில் கிடந்த கதிரையை எடுக்காதீர்கள், அதன் கால் வெடிக்கும். வெட்டிய விளிம்பைத் தேய்த்து ரியூப் றப்பரால் சுற்றுங்கள். நீரிழிவால் பாதம் விறைத்தவர்கள் நேர்த்திக்காகக் கோயில் வீதியில் நடுப்பகலில் வெறுங்காலோடு நடந்தால் மணல் சுடுவது தெரியாது. நேர்த்தியைக் கைவிடச் சொல்லாமல் விடியற்காலையில் செய்யச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தை யாராவது பார்க்கட்டும்.

நிறுத்த வேண்டிய இடங்கள்

நடக்காத பிள்ளையின் எலும்பு மெலிந்திருக்கும், இறுகிய காலைப் பலத்தால் விரிக்காதீர்கள், முறியும். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 1990 அம்புலன்ஸ். வலிப்பு மாத்திரையைப் பற்றி நீங்கள் எந்த மாற்றமும் சொல்லக் கூடாது. கோணற் பாதத்தோடு பிறந்த சிசுவைப் பார்த்தால் நீட்டிப் பயிற்சி சொல்லி நாளைக் கடத்தாமல் எலும்பியல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றும் முறை முதல் வாரங்களில் தொடங்கினால் நன்றாகப் பலிக்கும். பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள்; 1929 பிள்ளைகளுக்கான இலவச அழைப்பு எண். பாடசாலை ஒன்று பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், மாற்றுத்திறனைக் காரணம் காட்டி அனுமதி மறுப்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அதிபரிடம் முதலில் போய் இருந்து கதைப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம், சமூக சேவைகள் உத்தியோகத்தராக இருக்கட்டும்.

காசு கொடுக்காதீர்கள். பசி தெரிந்தால் பிரதேச செயலகக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள், படிவத்தை நிரப்பக் கூட இருங்கள். பிள்ளைகளின் படங்களை உங்கள் தொலைபேசியில் வைத்திருக்க வேண்டாம்.

கடைசி மாதம்

புதிய பிள்ளைகளை ஏற்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளூர்ப் பணியாளர் முன்னே போகட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். அளவெடுப்பதும் தாயோடு கதைப்பதும் அவர் வேலையாகட்டும். நீங்கள் போகும் திகதியைத் தாய்க்கு நான்கு வாரம் முன்பே சொல்லுங்கள். வீட்டிலுள்ள கொப்பியின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் நான்கு விடயம் இருக்க வேண்டும்: இப்போது செய்யும் மூன்று செயல்கள், கதிரை அல்லது சக்கர நாற்காலியை அடுத்துப் பார்க்கும் திகதி, எந்த அறிகுறி வந்தால் வைத்தியசாலை, உள்ளூர்ப் பணியாளரின் தொலைபேசி எண். அந்த எண்ணுக்குத் தாயே ஒருமுறை உங்கள் முன்னால் அழைத்துப் பேசட்டும்.